நண்பர் ஒருவரும் உடனிருந்தார்

ஜனவரி 11

அன்புள்ள அக்காவுக்கு,

நான் நன்றாக இருக்கிறேன். நீயும் அத்தானும் அப்பாவும் அப்படியே இருப்பீர்கள் என்று நம்பித்தான் எழுத உட்கார்ந்தேன். அப்பாவின் சர்க்கரை எப்படி இருக்கிறது? அத்தானின் குறட்டை எப்படி இருக்கிறது? இரண்டும் ஏறியதே தவிர இறங்கியதில்லை என்று தெரியும். இருந்தாலும் கேட்கிறேன்.

ஒரு செய்தி. இந்த வருடத்தோடு எங்கள் பதிப்பகத்துக்கு அறுபது வயது முடிகிறது. அதற்கு ஒரு வரலாறு எழுத வேண்டுமாம். மேடம் என்னை மேல்மாடிக்குக் கூப்பிட்டு, "நீங்கதான் எழுதணும். உங்களவிட பழையவங்க இங்க யாரும் இல்ல" என்றார். நான் என்ன உடைந்த நாற்காலியா என்று கேட்கத் தோன்றியது. சம்பளம் வாங்குகிறவன் எல்லாவற்றையும் கேட்க முடியாதே. மேடம் என்று நான் மரியாதையாகச் சொல்வது, சின்ன வயதில் உன் ரிப்பனைப் பிடுங்கிக்கொண்டு ஓடினாளே, பதிப்பகத்துப் பெரியவரின் மகள், அவளைத்தான்.

உனக்குத் தெரிந்த கதையையே உனக்கு எழுதுகிறேன். எழுதிப் பார்த்தால்தான் எங்கே தொடங்குவது என்று எனக்குப் பிடிபடும். ஒரு சைக்கிள் கடையை ஒட்டிய அறை. இரண்டு நண்பர்கள், ஒருவர் நெட்டை, ஒருவர் குட்டை. நெட்டையிடம் கொஞ்சம் முதலும் நிறைய வாய்ப்பேச்சும் இருந்தன. எதை அச்சடிக்கலாம், எதைத் திருப்பி அனுப்பலாம் என்று பார்த்தவுடன் சொல்லும் கண் குட்டையிடம் இருந்தது. நெட்டை பிறகு ஊருக்கே பெரியவர் ஆனார். குட்டை நமக்கு அப்பா ஆனார். பங்குதாரர்கள் என்று ஒரு துண்டுக் காகிதம்கூட அவர்கள் எழுதிக்கொள்ளவில்லை. நாம் பள்ளிக்கூடத்தில் இருந்தபோது ஒரு நாள் அப்பா குடையை எடுத்துக்கொண்டு வெளியே வந்தவர், பிறகு அந்தப் படி ஏறவில்லை. நான் படித்துவிட்டுச் சும்மா சுற்றியபோது கூப்பிட்டு வேலை கொடுத்தவரும் அதே பெரியவர்தான். அப்பா போ என்றும் சொல்லவில்லை, போகாதே என்றும் சொல்லவில்லை.

இப்போது நெட்டையும் இல்லை. அந்த முதல் வருடங்களைச் சொல்ல அப்பா ஒருவர்தான் மிச்சம். பக்குவமாகக் கேட்டு எழுது. ரொம்ப ஆசை காட்டிவிடாதே.

உன் தம்பி

ஜனவரி 25

தம்பிக்கு அக்கா எழுதுவது.

இங்கு எல்லோரும் இருக்கிற மாதிரி இருக்கிறோம். நீ வேளைக்குச் சாப்பிடுகிறாயா? உன் கையெழுத்தைப் பார்த்தால் சாப்பிடாமல் எழுதியது போலத் தெரிகிறது. மருந்துக்கடையில் டாக்டர்களின் கிறுக்கலைப் படித்துப் பிழைக்கிறவள் என்பதால் தப்பித்தேன். வேறு யாராவது படித்திருந்தால் உனக்கு இருமல் மருந்து அனுப்பியிருப்பார்கள்.

ஆசை காட்டாதே என்று எழுதினாய். அதையும் சேர்த்துத்தான் உரக்கப் படித்துத் தொலைத்தேன். அப்பாவுக்கு இப்போது வெளிச்சம்கூடத் தெரிவதில்லை. ஜன்னல் எந்தப் பக்கம் என்று வெயிலைத் தொட்டுத்தான் கண்டுபிடிக்கிறார். உன் கடிதத்தைக் கேட்டதும், "என் வெள்ளச் சட்டைய இஸ்திரி போட்டு வை" என்றார். எங்கே போகப் போகிறீர்கள் என்றேன். "எங்கயும் இல்ல. பதில் சொல்லணுமில்ல, பனியனோடவா சொல்றது?" என்கிறார்.

சட்டை போட்டுக்கொண்டு ஒரு வாரம் சொன்னார். எழுதி இத்துடன் வைத்திருக்கிறேன். ஒன்றை மட்டும் இங்கேயும் எழுதச் சொன்னார். அவர்கள் காலத்தில் எந்தப் புத்தகமும் காதால் படிக்காமல் வெளியே போகாதாம். ஒருவர் புரூஃபை உரக்கப் படிக்க வேண்டும். கமா, முற்றுப்புள்ளி எல்லாவற்றையும் வாய்விட்டுச் சொல்ல வேண்டும். இன்னொருவர் கையெழுத்துப் பிரதியை வைத்துக்கொண்டு கேட்க வேண்டும். "கண்ணு ஏமாத்தும், காது ஏமாத்தாது. இந்தப் புத்தகத்தையும் நான் காதால படிக்காம அச்சுக்கு விடக் கூடாதுன்னு அவன்கிட்ட எழுது" என்றார்.

பிறகு சட்டைப் பொத்தானைத் தடவிக்கொண்டே சொன்னார். "இத்தன புத்தகம் போட்டோம். ஒண்ணுலயும் என் பேர் இருந்ததில்ல. இருக்கணும்னு நெனச்சதும் இல்ல. இப்ப நெனக்கிறேன். வயசாயிடுச்சு, வேற என்ன."

டாக்டர் அவருடைய இருதயம் பலவீனமாக இருக்கிறது என்கிறார். வருடக் கணக்கில் யோசிக்காதீர்கள் என்றார். ஆகவே நீ சீக்கிரம் எழுது.

அக்கா

மார்ச் 8

அன்புள்ள அக்காவுக்கு,

பதில் எழுதத் தாமதமாகிவிட்டது. கோபித்துக்கொள்ளாதே. இங்கே பருவம் தப்பி விடாமல் மழை. கான்டீனில் கூரை ஒழுகி, டீயில் பாதி மழைத் தண்ணீர். சமையற்காரர் அதையும் சேர்த்து ஊற்றிவிட்டு, "இன்னைக்கு ஸ்ட்ராங் கம்மிதான் சார்" என்கிறார்.

பதிப்பகத்தை ஒரு பெரிய வெளிநாட்டு நிறுவனம் வாங்கப் போகிறது. கட்டடம், கிடங்கு, மூன்று ஊர்க் கிளைகள், பத்து வருடத்துக்கு மேல் உழைத்துப் போட்ட அகராதி, எல்லாம் சேர்த்து. வாங்க வருகிறவர்கள் வக்கீல்களோடு வருகிறார்கள். நான் எழுதுகிற வரலாற்றின் ஒவ்வொரு வரியையும் ஒரு வக்கீல் பென்சிலை வைத்துக்கொண்டு பார்க்கிறார். புத்தகம் படிக்கிற முகம் இல்லை அது.

முதல் மூன்று அத்தியாயங்களின் புரூஃபைத் தனித் தபாலில் அனுப்பியிருக்கிறேன். நீ முதலில் தனியாக ஒரு தடவை படித்துக்கொள். முடியாவிட்டால் பரவாயில்லை. மெதுவாகப் படி. அப்பாவுக்குக் களைப்பாக இருந்தால் கட்டாயப்படுத்தாதே.

அத்தானுக்கு என் அன்பு. எனக்கு உடம்புக்கு ஒன்றும் இல்லை, தூக்கம்தான் சரியாக வருவதில்லை.

உன் தம்பி

மார்ச் 19

தம்பிக்கு,

இங்கு சௌக்கியம். அப்பாவுக்கு மட்டும் கால் வீக்கம், மாத்திரை மாற்றியிருக்கிறார்கள். புரூஃப் வந்தது. தனியாகப் படித்துக்கொள் என்று நீ எழுதிய கடிதம் அதற்கு இரண்டு நாள் கழித்துத்தான் வந்தது. தபால்காரரைச் சொல்லி என்ன ஆகப் போகிறது.

மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு ஜன்னலோரம் உட்காரவைத்துப் படித்தேன். சந்தோஷமாகக் கேட்டார். அவர் சொன்ன திருத்தங்களை அவர் சொன்னபடியே எழுதி, திரும்பவும் படித்துக் காட்டி, அவர் தலையாட்டிய பிறகு அனுப்புகிறேன்.

பக்கம் ஒன்பது. அறை சைக்கிள் கடைக்கு மேலே அல்ல, பின்னால்.

அதே பக்கம். முதல் புத்தகத்துக்கான காகிதக் கட்டை அப்பா தோளில் சுமந்துவந்தார் என்பது தப்பு. சைக்கிளில் வைத்துத் தள்ளிவந்தார். "தோள்ல சுமக்க நான் என்ன பயில்வானா?"

பக்கம் பதினான்கு. முதல் கதைத் தொகுப்பை அப்பா கண்டெடுத்த அன்று நெட்டை அவரைக் கட்டிக்கொண்டார் என்று இருக்கிறது. "அவன் கட்டிக்கல. கைதான் குடுத்தான். கையெல்லாம் மை. சட்டை போச்சு."

பக்கம் இருபத்திரண்டு. கிடங்கில் வெள்ளம் புகுந்தபோது நனைந்த தாள்களைக் கயிறு கட்டி உலர்த்தியது அப்பாவின் யோசனை இல்லை. பைண்டிங்காரரின் யோசனை. "அந்தாளச் சொல்லாம என்னச் சொன்னா நல்லா இருக்காது."

அவ்வளவுதான். வேறு விசேஷம் இல்லை.

அக்கா

மார்ச் 24

அக்கா,

உன் கடிதம் இன்று வந்தது, இன்றே எழுதுகிறேன்.

முதல் திருத்தம் சரி. அறை கடைக்குப் பின்னால்தான், நான்தான் தப்பாக எழுதிவிட்டேன். மற்ற மூன்றும் நான் எழுதிய வரிகளுக்கு இல்லை. தோளும் இல்லை, கட்டிக்கொண்டதும் இல்லை, கயிறும் இல்லை. ஒன்பதாம் பக்கத்தில் "தனி ஒருவராகத் தொடங்கினார்" என்றுதான் அச்சாகியிருக்கிறது. அப்பா அந்தப் புரூஃபில் எங்குமே இல்லை. உனக்கும் அது தெரியும்.

அவரை வைத்துத்தான் எழுதினேன். பென்சில்காரர் அடித்துவிட்டார். நான் புரூஃபில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டேன். போன கடிதத்தில் சொல்ல வாய் வரவில்லை, மழையைப் பற்றி எழுதினேன்.

அப்பாவுக்கு நீ என்ன படித்தாய்?

தம்பி

ஏப்ரல் 3

தம்பிக்கு,

சுகம் விசாரிக்கிற மனநிலையில் நான் இல்லை. முதலில் திட்டிவிடுகிறேன். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிறவர்களை எனக்குத் தெரியும். ஆனால் அந்தச் சோற்றை என்னிடமே அனுப்பி, அப்பாவுக்கு ஊட்டு என்று சொன்னவன் நீ ஒருவன்தான்.

என்ன படித்தேன் என்று கேட்கிறாய். சட்டை மாற்றிக்கொண்டு, தலை வாரிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். நான் சைக்கிள் கடையைப் படித்ததும் சிரித்தார். "வருது, வருது" என்று என் கையைத் தட்டினார். அடுத்த வரி "தனி ஒருவராக". எனக்கு அது கண்ணில் பட்டுவிட்டது. வாயில் வரவில்லை. நான் நிறுத்தியதும், "என்ன, எழுத்து மங்கலா?" என்றார். ஆமாம் அப்பா என்றேன். பிறகு என் வாய் தன்பாட்டுக்குப் போய்விட்டது. "தம் நண்பரோடு சேர்ந்து தொடங்கினார், முற்றுப்புள்ளி. அந்த நண்பர் காகிதக் கட்டைத் தோளில் சுமந்து வந்தார், கமா" என்று படித்துக்கொண்டே போனேன். நான் வாழ்க்கையில் மளிகைச் சீட்டைத் தவிர எதுவும் எழுதியதில்லை. எங்கிருந்து வந்தது என்று எனக்கே தெரியவில்லை. பொய்க்குக் கமா போட்டுப் படித்தவள் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன்.

அவர் திருத்தம் சொல்வார் என்று நான் நினைக்கவே இல்லை. எழுதச் சொன்னார், எழுதினேன். படித்துக் காட்டு என்றார், படித்தேன். அவர் எதிரிலேயே உறையில் போட்டு ஒட்டச் சொன்னார். தபால் பெட்டியில் போட்டுவிட்டு வீடு வந்த பிறகுதான் எனக்கு உறைத்தது.

இப்போது தினமும் கேட்கிறார். "அடுத்தது வந்துதா? சண்டைய எப்படி எழுதியிருக்கான்?" நான் என்ன செய்ய? எனக்குக் கற்பனை ஊறவில்லை. உண்மை என்ன நடந்தது என்றும் தெரியாது. எழுதத் தெரிந்தவன் நீ. வக்கீல் அடித்த பக்கங்களை அப்பாவுக்காக மட்டுமாவது எடுத்து அனுப்பு. நான் புரூஃப் என்று சொல்லிப் படிக்கிறேன். பாவம் இருவருக்கும் பாதிப் பாதி.

அக்கா

மே 6

அன்புள்ள அக்காவுக்கு,

அப்பாவின் கால் வீக்கம் இறங்கியதா? நீ திட்டியது போதவில்லை. மிச்சத்தை நானே திட்டிக்கொண்டேன்.

பக்கங்கள் இத்துடன் இருக்கின்றன. வக்கீல் அடித்ததை எடுத்து, அப்பா சொன்ன திருத்தங்களையும் போட்டு, இன்னும் கொஞ்சம் தேடிச் சேர்த்தும் எழுதினேன். பைண்டிங்காரரும் அதில் இருக்கிறார். அதே எழுத்தில் அச்சுக் கோத்துத் தரச் சொன்னேன். அப்பா தடவிப் பார்த்தால்கூடப் புரூஃப் தாள்தான்.

மேடத்திடமும் போனேன். அவளை நீ கெட்டவள் என்று நினைக்க வேண்டாம். கதவைச் சாத்திவிட்டு, "எங்கப்பா கடைசி வரைக்கும் உங்கப்பா பேரச் சொல்லாத நாள் கெடையாது. ஒவ்வொரு புத்தகத்தையும் கையில வச்சுக்கிட்டு, குட்டை இருந்தா இத விட்டிருப்பானான்னு கேப்பார்" என்றாள். அப்புறம் எதற்கு அடித்தீர்கள் என்றேன். பங்குதாரர் ஒருவர் இருந்தார் என்று அச்சில் வந்தால், நாளைக்கு அவர் வாரிசுகள் வந்து நிற்பார்கள் என்று வாங்குகிறவர்கள் எழுந்து போய்விடுவார்களாம். "போயிட்டா இங்க வேல செய்யற அத்தன பேரும் தெருவுலதான் நிக்கணும். கம்பெனி கையில பணம் இல்ல."

வாரிசுகள் நானும் அக்காவும்தானே, எங்களுக்கு ஒன்றும் வேண்டாம் என்று எழுதிக் கொடுத்துவிடுகிறோம் என்றேன். வக்கீலைக் கூப்பிட்டுக் கேட்டாள். அவர் சொன்ன பதிலைக் கேள். "நீங்க எழுதிக் குடுத்தாலே அப்படி ஒருத்தர் இருந்தார்னு ஆயிடுமே சார்."

படி இறங்கி வந்துவிட்டேன்.

உன் தம்பி

ஜூன் 2

தம்பிக்கு,

எல்லோரும் நலம் என்று எழுதக் கை பழகிவிட்டது. அப்பா நலமில்லை. படுக்கையிலேயே முதுகைச் சாய்த்துவைத்துத்தான் படித்துக் காட்டினேன். சட்டை மட்டும் போட்டாக வேண்டும்.

நீ அனுப்பியது அருமையாக இருந்தது. நான் என்ன நினைத்தேன் தெரியுமா? அவர் பூரித்துப் போவார், நிம்மதியாகத் தூங்குவார் என்று. அவர் என்ன செய்தார் தெரியுமா? வெட்ட ஆரம்பித்தார்.

"காகிதக் கட்டு எதுக்கு? காகிதம் வந்துது, அவ்வளவுதான். வெட்டு." வெட்டினேன். "முதல் கதைத் தொகுப்ப நான் கண்டெடுத்தேனாம். எழுதினவ ஒருத்தி இருக்கா, அவளத்தான் சொல்லணும். வெட்டு." நான் பென்சிலால் அடிக்கிற சத்தம் அவருக்குக் கேட்க வேண்டும். கேட்காவிட்டால், "அடிச்சியா?" என்கிறார். கிழவருக்குப் பாம்புச் செவி.

அடுத்து சண்டை. ஓர் அம்மா எழுதிய பிரதிக்கு அப்பா வாக்குக் கொடுத்ததும், பாடப்புத்தக ஆர்டர் கைவிட்டுப் போகும் என்று நெட்டை அதைத் திருப்பி அனுப்பியதும், அப்பா குடையை எடுத்ததும். எவ்வளவு நன்றாக எழுதியிருந்தாய்! இதை விடமாட்டேன் என்று நான் பிடிவாதம் பிடித்தேன். "நீங்க சொன்னதெல்லாம் நியாயம்தானேப்பா" என்றேன். "நியாயம்தான். ஆனா செத்தவன் எழுந்து வந்து பதில் சொல்ல முடியுமா? ஒரு பக்கம் மட்டும் பேசற புத்தகத்த நாங்க போட்டதில்ல. வெட்டு."

தம்பி, நான் அழுதுகொண்டே வெட்டினேன். நடுவில் சிரிப்பும் வந்தது. வக்கீல் அடித்ததை எல்லாம் அப்பாவும் அதே வரிசையில் அடிக்கிறாரே என்று. மூன்று நாளில் நீ எழுதியதில் அவரைப் பற்றி எதுவுமே மிஞ்சவில்லை. கடைசியில் அவரே ஒரு வரி சொன்னார். ஒன்பதாம் பக்கத்தில் பெரியவர் தொடங்கினார் என்று வருகிற இடத்துக்குப் பிறகு போட வேண்டுமாம்: "நண்பர் ஒருவரும் உடனிருந்தார்."

பெயர் வேண்டாமா என்றேன். "வேண்டாம். அவன் தனியா இல்லன்னு தெரிஞ்சாப் போதும். தனியா ஆரம்பிக்கிற அளவுக்கு அவனுக்குத் தைரியம் கெடையாது" என்று சிரித்தார்.

பிறகு என் கையைப் பிடித்துக்கொண்டு, "இது அச்சுல இருக்குமா?" என்று கேட்டார். இதுவரை அவர் அப்படிக் கேட்டதே இல்லை. நான் படித்ததெல்லாம் புரூஃப் என்றால் ஏன் அப்படிக் கேட்கிறார்? எல்லாம் தெரிந்துவிட்டதோ என்னவோ. இருக்கும் அப்பா என்று சொல்லிவிட்டேன்.

பேர்கூட இல்லாத ஒரு வரி. இதையாவது வாங்கிக் கொடு.

அக்கா

ஜூலை 1

அன்புள்ள அக்காவுக்கு,

அப்பாவுக்கு உடனே படித்துக் காட்டு. கிடைத்துவிட்டது!

வக்கீல் இல்லாத நேரமாகப் பார்த்து மேடத்தின் அறைக்குப் போனேன். உன் கடிதத்தையே அவளிடம் கொடுத்துவிட்டேன். படித்தாள். ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். பிறகு மேசைக்கு வந்து, தன் பேனாவாலேயே ஒன்பதாம் பக்கத்தில் "தனி ஒருவராக" என்பதை அடித்துவிட்டு அந்த வரியை எழுதினாள். "பேர் இல்லையே. நண்பர் எல்லாருக்கும்தான் இருப்பாங்க. இருக்கட்டும்" என்றாள். நான் கும்பிட்டேன். அவள் கும்பிடாதே என்றாள், சின்ன வயதில் கூப்பிட்ட மாதிரி என் பட்டப்பெயரைச் சொல்லி.

நீ பொய்யாகப் படித்தது போகட்டும். இதைச் சத்தமாக, உண்மையாகப் படி.

உன் தம்பி

செப்டம்பர் 14

அன்புள்ள அக்காவுக்கு,

அப்பாவின் காரியங்கள் முடிந்து ஊர் வந்து சேர்ந்து இரண்டு வாரமாகிறது. நீ கட்டிக் கொடுத்த ரொட்டியை ரயிலிலேயே சாப்பிட்டுவிட்டேன். நீ சாப்பிடுகிறாயா? அப்பாவின் கட்டிலை நகர்த்தாமல் அப்படியே வைத்திருக்கிறாய் என்று அத்தான் எழுதியிருந்தார். கொஞ்ச நாள் கழித்து நகர்த்து. அவசரம் ஒன்றும் இல்லை.

என் ஜூலைக் கடிதத்தைத் திரும்பத் திரும்பப் படிக்கச் சொன்னார் என்றும், நீ முடிக்கும்போதெல்லாம் அவரே "முற்றுப்புள்ளி" என்று சொன்னார் என்றும் சொன்னாயே, ரயில் முழுக்க அதுதான் காதில் கேட்டுக்கொண்டிருந்தது. போகிற மனிதர் அந்தச் சந்தோஷத்தோடு போனார். அதை நினைத்துத்தான் நான் எழுந்து நடமாடுகிறேன்.

இங்கே ஒரு விஷயம். நான் உங்களோடு இருந்த நாட்களில் கம்பெனி கைமாறிவிட்டது. என் மேசையில் ஓர் அட்டைப்பெட்டியும், இத்தனை நாள் உழைப்புக்கு நன்றி என்று ஒரு கடிதமும் இருந்தன. பழைய ஆசிரியர் குழு வேண்டாமாம். எனக்குக் கோபம்கூட வரவில்லை. இன்னும் வேறு வேலை கிடைக்கவில்லை, கிடைத்துவிடும், நீ கவலைப்படாதே.

என்னை உறுத்துவது வேறு. கடைசி புரூஃபை நான் பார்க்கவில்லை. அந்த நாட்களில்தான் புத்தகம் அச்சுக்குப் போயிருக்கிறது. எழுதியவன் பெயர் எங்கும் இல்லாததால் எனக்குப் பிரதியும் இல்லை. கேட்டு வாங்கவும் மாட்டேன், அந்தக் கட்டடத்தின் வாசலை மிதிக்கவும் மாட்டேன். அந்தப் புத்தகத்தைக் கையால் தொடுவதில்லை என்று சொல்லிவிட்டு வந்தேன். அப்பா வீட்டு விலாசத்துக்கு ஒரு பிரதி அனுப்பியிருப்பதாக மேடம் சொன்னாள், என் முகத்தைப் பார்க்காமல். வந்ததா? அந்த வரி இருக்கிறதா? இருக்கிறது, இல்லை, இரண்டில் ஒன்றை எழுது. போதும்.

உன் தம்பி

அக்டோபர் 21

தம்பிக்கு,

நான் சுகம். உன் அத்தான் சுகம். கட்டிலை நகர்த்திவிட்டோம். பதில் எழுத நாளாகிவிட்டது, கடையில் ஆள் இல்லை, வேறு ஒன்றும் இல்லை.

புத்தகம் வந்தது. கெட்டி அட்டை, வழவழ காகிதம், நெட்டையின் படம் பெரிதாகப் போட்டிருக்கிறார்கள். ஒன்பதாம் பக்கத்தைத்தான் முதலில் எடுத்தேன். அப்பாவுக்குப் படித்த மாதிரியே உனக்கும் படிக்கிறேன், கேட்டுக்கொள்.

"சைக்கிள் கடைக்குப் பின்னால் இருந்த சிறிய அறையில் அவர் பதிப்பகத்தைத் தொடங்கினார், முற்றுப்புள்ளி. நண்பர் ஒருவரும் உடனிருந்தார், முற்றுப்புள்ளி."

இருக்கிறது. மற்ற வரிகளைப் போலவே அதே அளவு எழுத்தில், அதே மையில் இருக்கிறது. கடைக்குப் பின்னால் என்றும் திருத்தியிருக்கிறார்கள். இனி அதை நினைத்துக் கிடக்காமல் வேலை தேடுகிற வழியைப் பார்.

நீ போய் வாங்காதே. விலை கொள்ளை. என் பிரதியை அனுப்பலாம் என்றால் டாக்டர் படிக்கக் கேட்டார், கொடுத்துவிட்டேன். அவர் வாங்கியதைத் திருப்பித் தருகிற ரகம் இல்லை என்று உனக்கே தெரியும்.

குளிர் வந்துவிட்டது, காதை மூடிக்கொண்டு வெளியே போ.

அக்கா

நவம்பர் 24

அன்புள்ள அக்காவுக்கு,

நான் நலம். காதை மூடிக்கொண்டுதான் போகிறேன். ஒரு செய்தித்தாளில் வேலை கிடைத்திருக்கிறது. வரி விளம்பரங்களைத் திருத்துவது. வீடு வாடகைக்கு, சைக்கிள் விற்பனைக்கு. யாரும் எதையும் அடிக்கச் சொல்வதில்லை.

நேற்று வேலை முடிந்து வரும்போது மழை பிடித்துக்கொண்டது. ஒதுங்கிய இடம் ஒரு புத்தகக் கடை. வாசலிலேயே நம் புத்தகத்தை அடுக்கி வைத்திருந்தார்கள். தொடமாட்டேன் என்று சொன்னவன்தான். தொட்டேன்.

அக்கா, ஒன்பதாம் பக்கத்தில் அந்த வரி இல்லை. "தனி ஒருவராகத் தொடங்கினார்" என்று இருக்கிறது. அதற்குப் பிறகு அடுத்த பத்தி. அறையும் சைக்கிள் கடைக்கு மேலேதான் இருக்கிறது. வேறு பக்கத்தில் போட்டிருப்பார்களோ என்று நின்றபடியே புரட்டினேன். எங்கும் இல்லை. மேடம் ஏன் என் முகத்தைப் பார்க்கவில்லை என்று அப்போது புரிந்தது. அந்த அடுக்கையே தள்ளிவிடலாம் போல வந்தது.

அப்புறம் உன் கடிதம் ஞாபகம் வந்தது. இதே பக்கத்தைத்தானே நீயும் விரித்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாய். "தனி ஒருவராக" உன் கண்ணில்தான் பட்டிருக்கும். எவ்வளவு நாள் அதைப் பார்த்துக்கொண்டே இருந்தாய் என்று எனக்குத் தெரியாது, பதில் வர ஒரு மாதம் ஆனது. பிறகு எனக்கும் படித்துக் காட்டிவிட்டாய்.

அங்கேயே நின்று நானும் ஒரு தடவை படித்தேன், நீ படித்த மாதிரி, இல்லாத அந்த வரியையும் சேர்த்து, வாய்விட்டு. கடைக்காரர் எட்டிப் பார்த்து, "புத்தகம் வேணுமா சார்?" என்றார். வேண்டாம் என்று தலையை ஆட்டிவிட்டு மழையிலேயே நடந்து வந்துவிட்டேன்.

உன்மேல் கோபம் இல்லை. டாக்டரிடம் பிரதியைத் திருப்பிக் கேட்டு அவரைச் சங்கடப்படுத்தாதே.

உன் கடிதம் வந்த நாளிலிருந்து நேற்று வரைக்கும், ஒரு மாதம், அந்த வரி அச்சில் இருக்கிறது என்று நம்பி நான் நிம்மதியாகத் தூங்கினேன். அப்பாவுக்கு எப்படி இருந்திருக்கும் என்று இப்போது தெரிகிறது. நன்றாக இருந்தது அக்கா.

உன் தம்பி